முழங்காலில் இரண்டு தட்டு

ஜூன் 9, திங்கள்

மாடி வீட்டுக் குழந்தையை ஒரு வாரத்துக்கு மட்டும் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஒரு வாரம் என்று இரண்டு முறை சொன்னேன்.

தேன்மொழி இங்கே ஒரு கல்லூரியில் கணக்கு நடத்துகிறாள். கணவன் சரக்குக் கப்பலில். பிள்ளையைப் பார்க்க அமர்த்திய பெண் வந்த வேகத்தில் நின்றுவிட்டாள். "ஆன்ட்டி, பாளையங்கோட்டையில உங்களை விட்டா எனக்கு யாரையும் தெரியாது" என்று என் முகத்துக்கு நேரே நின்று சொன்னாள். பாடம் நடத்துகிறவள் என்பதால் உதட்டைத் திறந்து, நிறுத்தி, தெளிவாகப் பேசுகிறாள். இந்தக் காலத்தில் அது அபூர்வம். சம்பளம் என்று ஏதோ ஆரம்பித்தாள். நான் பார்த்த பார்வையில் நிறுத்திவிட்டாள்.

குழந்தையின் பெயர் ஆதிரை. இரண்டு வயது நிரம்பிவிட்டது. எனக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனால் திருநெல்வேலி டெலிபோன் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் முப்பது பெண்களை மேய்த்தவள் நான். மெட்ராஸ் லைனில் புயல் இரைச்சலுக்கு நடுவே பாதிச் சொல்லைக் கேட்டு முழு எண்ணையும் எழுதியவள். ஒரு குழந்தை எம்மாத்திரம் என்று நினைத்தேன்.

மாலையில் அவளை ஒப்படைத்துவிட்டு, விளக்குகூடப் போடாமல் நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 11, புதன்

உருளைக்கிழங்குகளைக் கழிப்பறைக் கோப்பைக்குள் முக்கிக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாக, மிகுந்த அக்கறையோடு. துடைப்பதற்கு என் வெள்ளைத் துண்டு. சத்தம் போட்டேன். கடைசிக் கிழங்கையும் கழுவித் துடைத்துவிட்டுத்தான் எழுந்தாள். எடுத்த வேலையைப் பாதியில் விடாத குணம். எக்ஸ்சேஞ்சில் பலருக்கு அது கிடையாது.

ஆனால் அழைத்தால் பதில் சொல்வதில்லை. "ஆதிரை, எங்கே இருக்கே?" என்று பல தடவை கூப்பிட்டுவிட்டு, முட்டி வலியோடு குனிந்து பார்த்தால், கட்டிலுக்கு அடியிலிருந்து என்னையே பார்த்தபடி, கழுத்து நரம்பு புடைக்க, வாயை அகலமாகத் திறந்துகொண்டிருக்கிறாள். கொட்டாவி விடுகிறாள் போலும்.

ஜூன் 14, சனி

அழைப்பு மணி மறுபடியும் கெட்டுவிட்டது. போன மாதம்தான் எலக்ட்ரீஷியன் வந்து "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லி, கூலி வாங்கிக்கொண்டு போனான். இப்போதெல்லாம் யாருக்கும் வேலையில் நேர்மை இல்லை.

கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் ஜன்னல் கம்பிக்குள் முகத்தை நுழைத்து, "எம்மா! எம்புட்டு நேரமா பெல்லு அடிக்கேன், வீட்டுக்குள்ளதான் இருக்கீக, வர மாட்டேங்கீகளே! கை வலிக்கு!" என்று கோபித்துக்கொண்டார். மணி கெட்டிருக்கிறது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

ஜூன் 17, செவ்வாய்

ஒரு வாரம் முடிந்துவிட்டது. தேன்மொழி ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. காலை எட்டரைக்குப் பிள்ளை வந்துவிட்டது.

ஜூன் 20, வெள்ளி

மதியம் கண் அசந்துவிட்டேன். எழுந்து பார்த்தால் நாற்காலி மேல் ஏறி நின்று, சுவரில் படமாகத் தொங்கும் என் கணவருக்குத் தயிர் சாதம் ஊட்டிக்கொண்டிருக்கிறாள். கண்ணாடி முழுக்க ஊட்டியிருக்கிறாள். வாய் எது என்று தேடியிருக்க வேண்டும். மூக்கு, மூக்குக்கண்ணாடி, டை எல்லாவற்றுக்கும் கொடுத்திருக்கிறாள். மனிதர் உயிரோடு இருந்தவரை தயிரைக் கண்டாலே எழுந்து போய்விடுவார். இருபது வருடங்களுக்குப் பிறகு ஒரு குழந்தையிடம் மாட்டிக்கொண்டார்.

துடைத்து முடிப்பதற்குள் இடுப்பு போய்விட்டது. பக்கத்திலேயே நின்று, அவர் சாப்பிட்ட பிறகு நான் வாய் துடைத்துவிடுகிறேன் என்று நினைத்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 24, செவ்வாய்

புதுப் பழக்கம் ஒன்று. எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மடியில் ஏறுகிறாள். இரண்டு கையாலும் என் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்புகிறாள். பிறகுதான் பேச்சு. 'தண்ணி.' 'காக்கா.' 'இது என்ன?' உதடுகள் அத்தனை துல்லியமாக அசைகின்றன. மதர் ஸ்கொலாஸ்டிகா இருந்திருந்தால் முதல் வரிசையில் உட்கார வைத்திருப்பார். எங்கள் கான்வென்ட்டில் ஒப்புவித்தல் வகுப்பில், சொல்லின் கடைசி எழுத்தை விழுங்குகிறவள் மதிய உணவு மணி வரை நிற்க வேண்டும்.

குரலும் தாழ்ந்த குரல். மற்ற வீட்டுப் பிள்ளைகள் போல் கத்துவதில்லை. வந்த புதிதில் வாயை அகலத் திறந்தவள் இப்போது அடக்கமாகப் பேசுகிறாள். என்னிடம் பழகி வந்த ஒழுங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

நாள் முழுக்க 'இது என்ன?' தான். ஆணி. இது என்ன? ஆணி போன ஓட்டை. இது என்ன? ஓட்டைக்குள் இருட்டு. இது என்ன? தாடை வலிக்கிறது.

ஜூன் 29, ஞாயிறு

தேவாலயத்தில் புதிதாக வந்திருக்கும் ஆர்கன் வாசிப்பவர் வாசிக்கிறாரா, தூங்குகிறாரா என்று தெரியவில்லை. எந்த இடத்தில் ஆரம்பிப்பது என்றே புரியாமல் ஒரு வரி முன்னதாகப் பாடிவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நாற்பது வருடங்களாகப் பாடகர் குழுவில் இருக்கிறேன். இப்படிப்பட்ட வாசிப்புக்கு என்னால் பாட முடியாது என்று சொல்லி விலகிக்கொண்டேன். யாரும் தடுக்கவில்லை.

ஜூலை 3, வியாழன்

பீரோவின் கீழ்த் தட்டை எப்படித் திறந்தாள் என்று தெரியவில்லை. லேஸ் மேசைவிரிப்புக்கு அடியில் இருந்த பெட்டியை எடுத்துவிட்டாள். போன கிறிஸ்துமஸுக்குப் பெங்களூரிலிருந்து என் அண்ணன் மகன் ஸ்டான்லி அனுப்பியது. நல்ல பிள்ளை, ஆனால் கேட்காமல் பொருள் வாங்கி அனுப்பும் குணம் உண்டு.

உள்ளே இருந்த மொச்சைக்கொட்டை அளவுச் சாமானை எடுத்து மூக்குக்குள் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். நல்லவேளை, நுழையவில்லை. பிடுங்கிப் பெட்டியில் போட்டு, பெட்டியை மேல் தட்டில் வைத்துப் பூட்டிவிட்டேன். அரை மணி நேரம் பீரோவைக் காட்டிக் காட்டி 'இது என்ன?' என்றாள்.

ஒன்றுமில்லை என்றேன்.

ஜூலை 8, செவ்வாய்

முழங்காலில் இரண்டு தட்டு. பிறகு கையைப் பிடித்து இழுப்பு. எங்கே போகிறோம் என்பது போனால்தான் தெரியும். ஒரு தடவை வாசலில் தபால்காரர். ஒரு தடவை மொட்டைமாடித் தொட்டி நிரம்பித் தண்ணீர் சுவரில் வழிந்துகொண்டிருந்தது. ஒரு தடவை குக்கர். அடியில் பருப்பு கரியாகியிருந்தது. மிச்சத் தடவையெல்லாம் காக்கை, பக்கத்து வீட்டு ஸ்கூட்டர், மேலே போகும் விமானம். எதையும் விடுவதில்லை. உட்கார்ந்தால் தட்டு, எழுந்தால் இழுப்பு. இன்று எத்தனை முறை எழுந்தேன் என்று என் முழங்கால்களைக் கேட்க வேண்டும்.

ஆனாலும் வாசலில் யார் வந்தாலும் இவளுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. கெட்டிக்காரி.

ஜூலை 10, வியாழன்

இட்லியை என் செருப்புக்குள் வைத்து மிதித்துப் பார்த்தாள். நன்றாக இருந்தது போலிருக்கிறது. இரண்டாவது செருப்புக்கும் வைத்தாள்.

ஜூலை 15, செவ்வாய்

மாலை பிள்ளையை அழைத்துப் போக வந்த தேன்மொழி போகாமல் நின்றாள்.

"ஆன்ட்டி, இவ உங்ககிட்ட பேசுறாளா?"

"பேசுறாளே. நாள் பூரா."

"என்கிட்ட பேச மாட்டேங்குறா. ஏப்ரல்ல அம்மா, பால், காக்கா, போன்னு எல்லாம் சொல்லிட்டிருந்தா. இப்ப அதுவும் இல்ல. முகத்தைப் பிடிச்சுத் திருப்பி வாயை மட்டும் அசைக்கிறா. பின்னாடி நின்னு கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறா. வீடியோல அவங்கப்பா கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துட்டு அழுதுட்டாரு."

சொல்லிவிட்டு, "நீங்க கூப்பிட்டா பதில் சொல்றாளா?" என்றாள்.

உண்மையைத்தானே சொல்ல வேண்டும்? இல்லை என்றேன். வந்த நாளிலிருந்து கூப்பிட்டால் பதில் சொன்னதே இல்லை என்றேன்.

அவள் முகம் போன போக்கு நன்றாக இல்லை.

ஜூலை 18, வெள்ளி

குழந்தை மருத்துவரிடம் போய் வந்திருக்கிறார்கள். பகலில் பார்த்துக்கொள்கிறவர் என்ன சொல்கிறார் என்று அவர் கேட்டாராம். கூப்பிட்டால் பதிலே இல்லை என்று நான் சொன்னதைத் தேன்மொழி சொல்லியிருக்கிறாள். காது கேட்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"கேக்காத பிள்ளைங்கதான் இப்படி முகத்தைப் பிடிச்சுத் திருப்புமாம், ஆன்ட்டி. உதட்டைப் பாத்துத்தான் புரிஞ்சுக்குமாம்."

நான் குழந்தையின் தலையை வாரிக்கொண்டிருந்தேன். வகிடு கோணலாகப் போய்விட்டது. கலைத்து மறுபடி எடுத்தேன்.

ஜூலை 19, சனி

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 21, திங்கள்

தேன்மொழி உள்ளே வரும்போது நான் ஹாலில் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, பாசிப்பயறு பொறுக்கிக்கொண்டிருந்தேன். குழந்தை என் காலடியில், பொறுக்கிய பயற்றைப் பொறுக்காத பயற்றோடு கலந்துகொண்டிருந்தாள். முழங்காலில் இரண்டு தட்டு. திரும்பினேன். தேன்மொழி நின்றிருந்தாள். வாசலில் நின்று வெகுநேரம் கூப்பிட்டாளாம்.

"பயறு பொறுக்குறதுல கவனம். கேக்கல" என்றேன்.

"பரவால்ல ஆன்ட்டி" என்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், அவளுக்கு வேறு எதையும் பார்க்க இப்போது கண் இல்லை.

ஜூலை 24, வியாழன்

மாமியார் தருமபுரிக்கே வந்துவிடச் சொல்கிறாராம். வேலையை விட்டுவிடப் போகிறேன் என்கிறாள் தேன்மொழி. "நான் வேலைக்குப் போனதாலதான் இப்படி ஆச்சுன்னு அத்தை நேரடியாவே கேட்டுட்டாங்க. எனக்கும் அப்படித்தான் தோணுது."

அப்படியெல்லாம் இருக்காது என்றேன். பிறகு எப்படி என்று அவள் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. கேட்கவில்லை.



ஜூலை 28, திங்கள்

பழைய கறுப்புத் தொலைபேசியை அவளுக்கு விளையாடக் கொடுத்தேன். ஓய்வு பெற்ற அன்று எக்ஸ்சேஞ்சுப் பெண்கள் எனக்குப் பரிசாகக் கொடுத்தது. ஒயர் இல்லை. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். வாயை அசைத்தாள். பேசினாள், தலையாட்டினாள், கேட்டாள், சிரித்தாள். ஒரு பெரிய உரையாடல். பிறகு ரிசீவரை என்னிடம் நீட்டினாள். உங்களுக்குத்தான் என்பது போல.

நான் காதில் வைத்தேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து ரிசீவரை மெதுவாக வாங்கிக்கொண்டு, என் தாடையைத் திருப்பி, அவர்கள் என்ன சொன்னார்கள் என்று தானே எனக்குச் சொன்னாள். 'அம்மா. வா. பால்.'

இவ்வளவு காலம் அடுத்தவர்களுக்குச் செய்தி கடத்தியிருக்கிறேன். எனக்குக் கடத்த யாரும் தேவைப்பட்டதில்லை.

ஆகஸ்ட் 2, சனி

செவ்வாய்க்கிழமை பரிசோதனை. என்னையும் வரச் சொல்கிறாள். "உங்ககிட்டதான் அவ சமத்தா உட்காருவா, ஆன்ட்டி." முட்டி வலிக்கிறது என்றேன். ஆட்டோ வாசலுக்கே வரும் என்றாள். வெயில் என்றேன். காலையிலேயே போய்விடலாம் என்றாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தேவாலயத்துக்குப் போனேன். பின் வரிசையில் உட்கார்ந்தேன். பிரசங்கம் நீளம். மைக் சரியில்லை.

மைக் சரியாகத்தான் இருந்திருக்க வேண்டும். எல்லோரும் ஒரே இடத்தில் சிரித்தார்கள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நான்கு பக்கமும் மெத்தை ஒட்டிய சின்ன அறை. இரண்டு மூலையிலும் ஒலிபெருக்கி. முன்னால் ஒரு மேசை. அதில் ஒரு குச்சி நட்டு, நிறம் நிறமாய் வளையங்கள். எதிர்ச்சுவரில் கண்ணாடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயந்திரத்தோடு பரிசோதகர். நெல்லையப்பன் என்று பெயர். சின்னப் பையன். ஆனால் நேராகப் பார்த்துப் பேசுகிறான்.

"பயப்படாண்டாம், மேடம்" என்று உள்ளே வந்து தேன்மொழியிடம் சொன்னான். "சத்தம் வரும். வந்ததும் பாப்பா ஒரு வளையத்தை எடுத்துக் குச்சில போடணும். விளையாட்டு மாதிரிதான்."

பாப்பா வளையத்தை எடுத்தாள். நக்கிப் பார்த்தாள். வளையல் போலக் கையில் போட்டுக்கொண்டாள். ஒன்றை என் கொண்டையில் மாட்டினாள். ஒன்றை நெல்லையப்பனின் சட்டைப் பைக்குள் போட்டாள். குச்சியில் மட்டும் போடவில்லை. எந்த நேரமும் தாயைத் தேடித் திரும்பியதால், தேன்மொழியைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டான்.

"பாட்டி, நீங்க முதல்ல போட்டுக் காட்டுங்க. ஒங்களப் பாத்து அவளும் போடுவா."

"மிசஸ் ஞானதுரை" என்றேன்.

"சரிங்க மேடம். சத்தம் கேட்டா போடுங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதான். முடியாது என்று சொல்லியிருக்கலாம். மூக்குக்கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லியிருக்கலாம். கையில் வளையத்தோடு உட்கார்ந்திருந்தேன். குழந்தை கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, என் மடியில், என் முகத்தைப் பார்த்தபடி. கண்ணாடிக்கு அப்பால் அவன் தலை குனிந்தது. ஏதோ திருகினான். நான் காத்திருந்தேன். அறை, அறையாகவே இருந்தது.

முழங்காலில் இரண்டு தட்டு.

வளையத்தைப் போட்டேன்.

அவன் தலையசைத்தான். மறுபடி குனிந்தான். இரண்டு தட்டு. போட்டேன். இரண்டு தட்டு. போட்டேன். மேசைக்குக் கீழே அவள் கை இருந்தது. அங்கிருந்து பார்த்தால் மேசைதான் தெரியும். பச்சை, மஞ்சள், சிவப்பு.  குச்சி நிரம்பியது.

நெல்லையப்பன் முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே வந்தான். "என்ன மேடம், இந்த வயசுல இப்படி ஒரு காதா! கொசு பறக்க அளவுக்குக் கொறைச்சு வச்சேன், அதுக்கும் போடுதீகளே!"

நல்ல காது. எக்ஸ்சேஞ்சில் இருந்த காலம் முழுக்க எல்லோரும் என்னைப் பற்றிச் சொன்னது அதுதான். அதை மறுபடி கேட்பதற்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

பிறகு அவன் தேன்மொழி பக்கம் திரும்பினான். பக்கவாட்டில் அவன் உதடுகளைப் பார்த்தேன். "பாப்பா ஒரு தடவகூடத் திரும்பல மேடம். மதுரைக்குக் கொண்டுபோங்க. மயக்க மருந்து கொடுத்து நரம்பைப் பாக்குற சோதனை ஒண்ணு இருக்கு. தள்ளிப் போட வேண்டாம்."

தேன்மொழி குழந்தையின் கையிலிருந்த வளையங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மேசையில் வைத்தாள். என் கொண்டையில் இருந்ததையும் எடுத்தாள். கதவுவரை போய்விட்டோம்.

"தம்பி" என்றேன். "வளையத்தைப் போட்டதுதான் நான். கேட்டது இவ."

அவனுக்குப் புரியவில்லை. தேன்மொழிக்கும் புரியவில்லை.  "பிள்ளை அம்மாகிட்ட நிக்கட்டும். நான் தனியா உட்காருறேன். அதே சத்தத்தை இன்னொரு தடவை வைங்க" என்று மட்டும் சொன்னேன்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். தேன்மொழி கதவோரம் குழந்தையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவர்களைப் பார்க்காமல் மெத்தைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வளையங்கள் அப்படியே இருந்தன. அவன் எத்தனை முறை வைத்தான், எவ்வளவு கூட்டி வைத்தான், தெரியாது. சுவரில் ஒரு இடத்தில் தையல் விட்டிருந்தது.

முழங்காலில் இரண்டு தட்டு. தாயின் பிடியிலிருந்து நழுவி ஓடி வந்திருக்கிறாள். நான் திரும்பவில்லை. அவளுக்குப் பொறுமை போய்விட்டது. மடியில் ஏறி, இரண்டு கையாலும் என் தாடையைத் திருப்பி, இவ்வளவு எளிய வேலையைச் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறாயே என்பது போலப் பார்த்து, ஒரு வளையத்தை எடுத்துத் தானே குச்சியில் போட்டாள்.

கண்ணாடிக்கு அப்பால் நெல்லையப்பன் எழுந்து நின்றிருந்தான்.

அதன்பிறகு அவன் ஒவ்வொரு சத்தமாக வைக்க, அவள் ஒவ்வொரு வளையமாகப் போட்டாள். எனக்காகத்தான் போட்டாள். கடைசிக் கொசுவரைக்கும்.

ஆட்டோவில் தேன்மொழி குழந்தையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். வீட்டு வாசலில் இறங்கியபோது என் முகத்துக்கு நேரே நின்றாள். எப்போதும் போல, தெளிவாக.

"எத்தனை நாள் தூங்காம இருந்தேன் தெரியுமா ஆன்ட்டி? வேலையை விடுறதா லெட்டர் எழுதி வச்சிருக்கேன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

சொல்லியிருக்கலாம்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 6, புதன்

வரவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

வரவில்லை. இட்லி மிஞ்சிவிட்டது. தபால்காரர் வந்து போயிருக்கிறார். கதவுக்கடியில் சீட்டு கிடந்தது. தொட்டி நிரம்பி வழிந்து, கீழ்ச்சுவர் முழுக்க ஈரம்.

வீடு எப்போதும் இப்படித்தான் இருந்திருக்கிறது. ஜூன் மாதத்துக்கு முன்னால் இது எனக்கு உறைக்கவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பீரோவின் மேல் தட்டைத் திறந்து, ஸ்டான்லியின் பெட்டியை எடுத்துக் கைப்பையில் வைத்து, தனியாக ஆட்டோ பிடித்துப் போனேன். நெல்லையப்பன் எழுந்து நாற்காலி போட்டான். பெட்டியைத் திறந்து பார்த்து, "ரொம்ப நல்ல மிஷினு மேடம், புதுசாவே இருக்கே" என்றான். எவ்வளவு நாளாக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. மதர் ஸ்கொலாஸ்டிகா இவனுக்கும் முதல் வரிசை கொடுத்திருப்பார்.

மூக்கில் நுழையாத மொச்சைக்கொட்டை காதில் நுழைந்தது.

முதலில் கேட்டது நாற்காலி. பிறகு என் சேலை. சேலைக்குச் சத்தம் உண்டு என்பதை மறந்துபோயிருந்தேன். வழி முழுக்க ஆட்டோவும் லாரியும் பஸ்ஸும் தலைக்குள் ஓடின. வீட்டுக்கு வந்ததும் கழற்றி வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். உலகம் இவ்வளவு சத்தமாக இருப்பதற்கு யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மாலையில் மாடிப்படி ஏறினேன். இவர்கள் குடிவந்த பிறகு முதல் தடவை. தேன்மொழி கதவைத் திறந்தாள். நான் மன்னிப்பு என்ற சொல்லை மனத்துக்குள் பலமுறை ஒப்புவித்துக்கொண்டு போயிருந்தேன். அவள் என் காதைப் பார்த்தாள். அதைப் பார்த்த பிறகு சொல்ல வேண்டியிருக்கவில்லை, ஆனாலும் சொன்னேன். கடைசி எழுத்தை விழுங்காமல்.

"உள்ள வாங்க ஆன்ட்டி" என்றாள். காபி கொடுத்தாள். சர்க்கரை அதிகம். லெட்டரைக் கிழித்துவிட்டாளா என்று கேட்க எனக்கு உரிமையில்லை. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு கேட்டது.

ஆகஸ்ட் 11, திங்கள்

எட்டரை ஆனதும் வாசற்கதவைத் திறந்து வைத்தேன். காற்றுக்காக.

வரவில்லை. சாத்திவிட்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எட்டரைக்குச் சரியாக, தலைக்குள் ஒரு குருவி கத்தியது. அவலட்சணமான, விட்டு விட்டுக் கத்தும் குருவி. என்ன இழவு இது என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். பிறகுதான் புரிந்தது. அழைப்பு மணி. அது கெட்டே போகவில்லை. அந்த எலக்ட்ரீஷியனிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

கதவைத் திறந்தேன். ஆதிரை. பின்னால் கல்லூரிக்குப் புறப்பட்ட சேலையில் தேன்மொழி.

"பேசுங்க ஆன்ட்டி, இவகிட்ட. பேசச் சொல்லுங்க. சாயங்காலம் வர்றேன்" என்றாள். கோபம் முழுக்கப் போகவில்லை. போக வேண்டுமென்று நானும் எதிர்பார்க்கவில்லை.

குழந்தை நேராகத் தன் வேலைக்குப் போனாள். என் செருப்பைச் சோதித்தாள், இட்லி இல்லை. சுவரில் இருந்தவரைப் பார்த்துத் தலையாட்டினாள். மடியில் ஏறினாள், தாடையைத் திருப்பினாள், உதட்டை அசைத்தாள். 'தண்ணி.' ஒரு சத்தமும் இல்லை. மிஷின் போட்ட காதிலும் இல்லை.

"சத்தமாச் சொல்லு" என்றேன். "எனக்குக் கேக்கும்."

நம்பாமல் பார்த்தாள். எத்தனையோ நாள் கட்டிலுக்கு அடியிலிருந்து கழுத்து நரம்பு புடைக்கக் கத்திப் பார்த்தவள். நம்ப மாட்டாள்தான். கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பதைக்கூட என்னைப் பார்த்துத்தான் கற்றிருக்கிறாள்.

பத்து மணிவாக்கில் குருவி மறுபடி கத்தியது. நான் எழுந்து கதவை நோக்கி நடந்தேன். பாதி வழியில் என் சேலை பின்னால் இழுபட்டது. ஆதிரை முகம் சிவந்து நின்றிருந்தாள். என்னை நாற்காலிவரை தள்ளிக்கொண்டுபோய் உட்கார வைத்தாள். வாசலில் குருவி கத்திக்கொண்டே இருந்தது. அவள் சாவகாசமாக எதிரே வந்து நின்றாள். என் முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

நான் எழுந்திருக்கவில்லை. காதில் கை வைத்து, என்ன என்பது போலப் பார்த்தேன்.

அவள் மறுபடி தட்டினாள். நான் அசையவில்லை. வாசலில் கேஸ்காரர் "எம்மா! வீட்டுக்குள்ளதான இருக்கீக!" என்று கத்துவது சுத்தமாகக் கேட்டது. கத்தட்டும். ஆதிரையின் நெஞ்சு ஏறி இறங்கியது. இந்தக் கிழவியை வைத்துக்கொண்டு இனி ஒரு வேலையும் நடக்காது என்று தெரிந்துகொண்டவள் போல வாயைத் திறந்தாள்.

"பெல்லு!"

கரகரத்த, கனமான குரல். நான் நினைத்துவைத்திருந்த குரலே இல்லை.

"வர்றேன்" என்று சொல்லி எழுந்தேன்.